கடைக்காரரின் கண்

ஆரியசாலையில் காலை பத்து மணிக்கு நடந்து போக மனிதனுக்கு இரண்டு கண்கள் போதாது. எதிரே தலைச்சுமையுடன் ஒருவர், பின்னால் ஹாரன் அடிக்கும் ஆட்டோ, ஓரத்தில் மிளகாய் மூட்டை இறக்கும் லாரி. திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கமாக நீளும் சாலைக் கடைவீதியின் ஒரு பகுதி இது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய கடைவீதி. தமிழும் மலையாளமும் இங்கே ஒரே வாக்கியத்துக்குள் கூச்சமில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. நவராத்திரிக்காகக் குமரி மாவட்டத்திலிருந்து ஊர்வலமாக வரும் வேளிமலை முருகன்கூடத் தங்குவது ஆரியசாலைக் கோயிலில்தான்.

இந்த வீதியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கணக்கு எழுதிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். கண் மட்டும் வாசலில் இருக்கும். படியேறலாமா வேண்டாமா என்று ஒரு பெண்மணி தயங்குவது, விலை கேட்டதும் ஒருவர் பையை இறுக்கிப் பிடிப்பது, மல்லி வாங்க வந்தவர் சாக்குகளுக்கு நடுவே மல்லியைத் தேடுவது எல்லாம் அந்தக் கண்ணில் பட்டுவிடும். மூன்று பேர் அடுத்தடுத்துத் தேடினால் மறுநாள் மல்லி மூட்டை வாசல் பக்கம் வந்துவிடும். இதற்காக யாரும் கூட்டம் போட்டதில்லை. வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்டதும் இல்லை. பார்த்தது போதும்.

சாலையில் பல ஆண்டுகள் கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன் இந்தப் பார்வையை இலக்கியமாகவே ஆக்கிவிட்டார். அவருடைய ‘கடைத்தெருக் கதைக’ளில் வரும் உலகம் அந்தக் கடைவீதிதான். 2015-ல் சாகித்ய அகாதமி விருது பெற்று, 2021-ல் மறைந்தார். கடைக்காரரின் கண் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதற்கு அவருடைய புத்தகங்கள் சாட்சி.

இதே பார்வைக்கு இன்று படிப்பு, சம்பளம், நீளமான ஒரு பெயர் எல்லாம் உண்டு. யூசர் எக்ஸ்பீரியன்ஸ் ரிசர்ச். தமிழில் ‘பயனர் அனுபவ ஆய்வு’ என்கிறார்கள். ‘பயனர்’ என்ற சொல் காதுக்கு இன்னும் பழகவில்லை. ‘வாடிக்கையாளர்’ என்றால் ஆரியசாலையில் எல்லோருக்கும் புரியும். கம்ப்யூட்டர், செல்போன், வீடியோ கேம், ரயில் டிக்கெட் எடுக்கும் இணையதளம் ஆகியவற்றின் முன் உட்காரும் வாடிக்கையாளர் எங்கே தயங்குகிறார், எங்கே தடுமாறுகிறார், எங்கே வெறுத்துப்போய் எழுந்துவிடுகிறார் என்று உடனிருந்து பார்ப்பதுதான் இந்த வேலை. உளவியல் அறிஞரான டொனால்ட் நார்மன் 1993-ல் ஆப்பிள் நிறுவனத்தில் தன் பதவிப் பெயரிலேயே ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பதைச் சேர்த்துக்கொண்டார். அதன்பிறகு பெயர் உலகம் சுற்றியது. தொழில் அதற்கும் மூத்தது.

முறை ஒன்றும் கம்பசூத்திரம் அல்ல. ஒருவரைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுப்பார்கள்: ‘இந்தத் தளத்தில் நாளை மதுரைக்கு ஒரு டிக்கெட் எடுங்கள்.’ மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வார்கள். ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். உதவி மட்டும் செய்யக்கூடாது. ‘அந்தப் பட்டன் மேலேயே இருக்கிறதே’ என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் அன்றைய ஆய்வு போயிற்று. டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை இப்படிப் பார்த்தாலே ஒரு வடிவமைப்பின் குறைகளில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்று 2000-ல் ஒரு கட்டுரையில் கணக்குக் காட்டினார். அந்த எண்ணைப் பற்றித் துறைக்குள் சண்டை ஓயவில்லை. ஆனால் ஒருவரையும் பார்க்காமல் இருப்பதைவிட ஐந்து பேரைப் பார்ப்பது மேல் என்பதில் யாருக்கும் சண்டை கிடையாது.

இந்தப் பாடத்தைச் சீக்கிரமே கற்றுக்கொண்டவர்கள் வீடியோ கேம் தயாரிப்பவர்கள். காரணம் எளிது. பென்ஷன் வாங்க வேண்டியவர், படிவம் எவ்வளவு குழப்பினாலும் நிரப்பித்தான் தீர வேண்டும். விளையாட்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் புரியாவிட்டால் பையன் எழுந்து கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். போட்ட முதல் போனது போனதுதான். எனவே 1970-களிலேயே அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் கேரல் கான்டர் என்ற பெண்மணியை ஆய்வுக்கென்று நியமித்தது. காசு போட்டு ஆடும் விளையாட்டு நிலையங்களில் ஆடுபவர்களைக் கவனித்து, அவர்களிடம் பேசி, எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கண்டறிவது அவருடைய வேலை.

ஜப்பானில் மரியோ விளையாட்டை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவின் வழக்கம் இன்னும் சுவாரஸ்யம். விளையாட்டுத் தயாரிப்புடன் சம்பந்தமே இல்லாத ஊழியர் யாரையாவது திடீரென்று அழைத்து வந்து, கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து ஆடச் சொல்வார். பிறகு அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்ப்பார். நின்டெண்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாடா இதைப் பலமுறை வியந்து சொல்லியிருக்கிறார். எத்தனை பெரிய மேதையாக இருந்தாலும், தான் செய்த விளையாட்டைத் தானே முதன்முறையாக ஆடிப் பார்க்க முடியாது. அதற்கு இன்னொருவரின் கை வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை ஒரு பரிசோதனைக் கூடமாகவே நடத்தியது. 2007-ல் வெளிவந்த ‘ஹாலோ 3’ விளையாட்டுக்காக, உளவியல் படித்த ராண்டி பகுலயன் குழுவினர் சுமார் 600 சாதாரண ஆட்டக்காரர்கள் ஆடிய 3,000 மணி நேரத்துக்கும் அதிகமான ஆட்டத்தை அலசியதாக அந்த ஆண்டு ‘வயர்ட்’ பத்திரிகை எழுதியது. ஒரு கட்டத்தில் பல ஆட்டக்காரர்களுக்குக் குண்டுகள் தீர்ந்துபோய்க்கொண்டே இருந்தன. குறி பார்க்கத் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட்டிருக்கலாம். ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தபோது விஷயம் புலப்பட்டது. எட்டாத தூரத்தில் நிற்கும் எதிரியைச் சுட்டுக் குண்டுகளை வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். எட்டுமா எட்டாதா என்று சொல்ல திரையில் எதுவும் இல்லை. எதிரி எட்டும் தூரத்துக்கு வந்ததும் குறிவட்டம் சிவப்பாக மாறும்படி செய்தார்கள். சிக்கல் தீர்ந்தது. ஆட்டக்காரர்களுக்கு யாரும் பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை. திரையைத் திருத்தியதோடு சரி.

இணையதளங்களுக்கு இந்த ஞானம் கொஞ்சம் செலவு செய்த பிறகே வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009-ல் எழுதிய ஒரு சம்பவம் இத்துறையில் பாடமாகவே சொல்லப்படுகிறது. பெரிய வணிகத் தளம் ஒன்று. பொருட்களைக் கூடையில் போட்டுக்கொண்டு பணம் கட்ட வருபவர்கள் பாதியில் நழுவிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து கவனித்தபோது, பணம் கட்டுவதற்கு முன்பு வழிமறித்த ‘பதிவு செய்க’ என்ற பட்டன்தான் காரணம் என்று தெரிந்தது. சாமான் வாங்க வந்தோமா, உறுப்பினராகச் சேர வந்தோமா என்று ஆட்களுக்கு எரிச்சல். பட்டனை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று மாற்றி, கணக்கு தொடங்க வேண்டிய அவசியமில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். முதல் ஆண்டிலேயே 30 கோடி டாலர் கூடுதலாக விற்றதாக ஸ்பூல் எழுதினார். ஊர், பேர், பிறந்த தேதி எழுதிக் கொடுத்தால்தான் கால் கிலோ மிளகு என்று சொன்னால் ஆரியசாலையில் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது அங்குள்ள எடுபிடிப் பையனுக்கும் தெரியும். அது தெரிவதற்கு அமெரிக்காவில் ஒரு ஆய்வு தேவைப்பட்டது.

கடைவீதியைக் கவனித்தவர்கள் நம் நாட்டிலும் உண்டு. 2016-ல் யு.பி.ஐ. வந்தபிறகு செல்போன் வழியாகப் பணம் கொடுப்பது பரவியது. கூடவே கடைக்காரருக்கு ஒரு தலைவலியும் வந்தது. ஒரு கையில் பொட்டலம், மறு கையில் தராசு, எதிரே ஏழு பேர். ‘அனுப்பிவிட்டேன்’ என்று வாடிக்கையாளர் தன் போனைத் தூக்கிக் காட்டுகிறார். அது நிஜமா, போன வாரத்துத் திரையா என்று எங்கே பார்ப்பது? கடைக்காரருக்குக் கண் ஓய்வில்லை. காது சும்மாதான் இருக்கிறது. 2019-ல் பேடிஎம் நிறுவனம் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தது. பணம் வந்து சேர்ந்ததும் தொகையை உரக்கச் சொல்லும். மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இன்று கடைவீதிகளில் தராசுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி அமர்ந்து உள்ளூர் மொழியில் வரவு சொல்லிக்கொண்டிருக்கிறது. திரையே இல்லாமல் சிக்கலைத் தீர்த்த வடிவமைப்பு அது.

ஆனால் இந்தியாவில் இந்த ஆய்வு செய்யப் போனவர்கள் ஒரு விசித்திரமான சுவரில் முட்டிக்கொண்டார்கள். அது நம்முடைய மரியாதை. வீட்டுக்கு வந்தவர் காபியில் சர்க்கரை போட மறந்தாலும் ‘நன்றாக இருந்தது’ என்று சொல்லிவிட்டுப் போகும் தேசம் இது. சோதனைக்கு அழைத்து வந்தவர் பத்து நிமிடம் திணறிவிட்டு, ‘தளம் ரொம்ப நன்றாக இருக்கிறது’ என்று சான்றிதழ் கொடுப்பார். இத்தனை பெரிய கம்பெனி, நம்மை மதித்துக் கூப்பிட்டிருக்கிறது, குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்?

மும்பையில் இந்தத் துறையில் பணியாற்றிய அபலா லஹிரி சவான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ‘பாலிவுட் முறை’ என்று பெயர். விமான டிக்கெட் விற்கும் தளத்தைச் சோதிக்க வேண்டும். ‘டிக்கெட் எடுங்கள்’ என்று வறட்சியாகச் சொல்வதற்குப் பதில் ஒரு மசாலா கதை சொன்னார்: உங்கள் அருமை மருமகளுக்குத் திருமணம். கடைசி நேரத்தில் மாப்பிள்ளை தாதா கும்பலைச் சேர்ந்த கொலையாளி என்று தெரிகிறது. போதாக்குறைக்கு ஏற்கெனவே மணமானவன். ஆதாரம் உங்கள் கையில். அவனுடைய மனைவியை அழைத்துக்கொண்டு உடனே விமானம் ஏறி பெங்களூர் போய்க் கல்யாணத்தை நிறுத்த வேண்டும். டிக்கெட் எடுங்கள்!

அவ்வளவுதான். மரியாதை பறந்துவிட்டது. மருமகளின் வாழ்க்கை ஊசலாடும்போது எங்கேயோ ஒளிந்திருக்கும் பட்டனை மன்னிக்க யாருக்கு மனம் வரும்? சின்னத் தடங்கலுக்கும் ஆட்கள் வெடித்தார்கள். எது சரியில்லை என்று பொரிந்து தள்ளினார்கள். சினிமாவில் வில்லனைத் திட்டும் உரிமையோடு இணையதளத்தைத் திட்டினார்கள். மேற்கத்திய பாடப் புத்தகம் சொல்லித்தராத முறை. உலக அளவில் இத்துறையினர் இதை இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

மரியாதையைவிட ஆழமானது இன்னொன்று. திரைக்கு முன்னால் தோற்றுப்போனவர் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வது. ‘படிப்பு பத்தாது’, ‘வயசாயிடுச்சு’, ‘எனக்குத்தான் தெரியலை.’ இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் நம் நாட்டில் முதியவர் யாரும் இணையதளப் படிவத்திலிருந்து எழுந்ததில்லை. ஹாலோ விளையாட்டில் குண்டு தீர்ந்தால் திரையைத் திருத்தினார்கள். படிவத்தில் பொறுமை தீர்ந்தால் பேரனைக் கூப்பிடுகிறார்கள்.

மொழியும் சேர்ந்து மிரட்டுகிறது. படிவத்தின் கடைசியில் ‘சமர்ப்பிக்கவும்’ என்கிறது பட்டன். மலையாளத்திலும் அதே சமர்ப்பணம்தான். கடவுளுக்குப் பூவும் காதலிக்குக் கவிதைத் தொகுப்பும் சமர்ப்பிக்கலாம். ரேஷன் அட்டை மனுவை ‘அனுப்பு’ என்றால் போதாதா? ‘அமர்வு காலாவதியாகிவிட்டது’ என்ற அறிவிப்பைப் பார்த்து, மருந்துக் கடையும் நீதிமன்றமும் ஒன்றாக நினைவுக்கு வந்து குழம்புபவர் உண்டு. ‘செல்லாத உள்ளீடு’ என்று சிவப்பில் வந்தால், ஏதோ கள்ள நோட்டு கொடுத்துவிட்டதுபோல் கை நடுங்குகிறது. மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்திருக்கிறார். படிக்கப் போகிறவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

இதற்கு நம் சமூகம் கண்டுபிடித்த மாற்று, இடையில் ஒரு ஆளை வைப்பது. கேரளத்தில் 2002-ல் மலப்புறத்தில் தொடங்கிய அட்சயா மையங்கள், குடும்பத்துக்கு ஒருவருக்காவது கம்ப்யூட்டர் அறிவு தர வேண்டும் என்ற நோக்கத்துடன் பிறந்தவை. இன்று அரசு சேவைகளுக்கான விண்ணப்பம் என்றால் மக்கள் தேடிப் போகும் இடமும் அவைதான். தமிழ்நாட்டில் இ-சேவை மையங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் எந்தப் பட்டன் எங்கே ஒளிந்திருக்கிறது, எந்தப் பக்கம் எப்போது மக்கர் செய்யும் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார். மனுக்கள் மளமளவென்று போகின்றன. மையங்கள் இல்லாவிட்டால் பலருக்கு வழியே இருக்காது. ஆனால் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. மனு வந்து சேர்ந்த எண்ணிக்கையைப் பார்ப்பவருக்குத் தளம் நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். பாட்டி தடுமாறியது அந்தக் கணக்கில் ஏறாது. தடுமாற வாய்ப்பே தராமல் வேறொருவர் தட்டிவிட்டாரே!

உடம்பே ஒத்துழைக்காத இடங்களும் உண்டு. ஓய்வூதியம் பெறுபவர் ஆண்டுக்கொருமுறை தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். அலைச்சலைக் குறைக்க 2014 நவம்பரில் மத்திய அரசு ‘ஜீவன் பிரமாண்’ என்ற டிஜிட்டல் சான்றிதழ் முறையைக் கொண்டு வந்தது. விரல் ரேகையை வைத்தால் போதும். நல்ல ஏற்பாடு. ஆனால் வயதானவர்களின் ரேகை தேய்ந்துபோயிருக்கும். வாழ்நாளெல்லாம் சாக்கும் கயிறும் பிடித்த கைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆரியசாலையில் மூட்டை தூக்கும் ஒருவரின் கட்டைவிரலைப் பார்த்தால் போதும். முகத்தைக் காட்டியே சான்று பெறும் வசதி 2021 நவம்பரில் வந்தது. இடையில் ஏழு ஆண்டுகள்.

முகமும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. அமில வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் 2023-ல் வங்கிக் கணக்கு தொடங்கப் போனார். வந்திருப்பவர் உயிருள்ள மனிதர்தான் என்று உறுதிசெய்ய, கண் சிமிட்டச் சொன்னது திரை. அவரால் சிமிட்ட முடியாது. திரையின் கணக்கில் அவர் உயிரோடு இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கும் கூடவே விசாரிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளைப் பெறும் வாய்ப்பு அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டுவதற்குப் பதில் வேறு வழிகளும் ஏற்கப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. திரையை வடிவமைத்த அறையில் கண் சிமிட்ட முடியாத ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தெரிந்தது.

ஆக, இன்னும் நிறையக் கவனியுங்கள் என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. கடைக்காரரின் கண்ணுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாடிக்கையாளர் எங்கே தடுமாறுகிறார் என்று தெரிந்தவருக்கு, அவரை எங்கே தடுமாற வைக்கலாம் என்பதும் தெரியும். தராசில் கட்டைவிரலை எப்போது வைப்பது என்று தெரிந்தவரும் கூர்ந்து கவனிப்பவர்தான்.

‘ஃபோர்ட்நைட்’ என்ற புகழ்பெற்ற விளையாட்டைத் தயாரிக்கும் எபிக் கேம்ஸ், 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் சமரசம் செய்துகொண்டு 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இதில் 27.5 கோடி குழந்தைகளின் அந்தரங்க உரிமை தொடர்பான அபராதம். மீதி 24.5 கோடி, ஆட்டக்காரர்களிடம் தந்திரமாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதற்கு. பட்டன்கள் குழப்பமாக அமைக்கப்பட்டிருந்தன, உறங்கும் விளையாட்டை எழுப்பப் பட்டனைத் தொட்டாலே பொருள் வாங்கியதாகக் கணக்காகிவிடும் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அதைவிட முக்கியமானது மற்றொன்று. வாங்கியதை ரத்து செய்யும் வழியும் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியும் எளிதில் கண்ணில் படாதபடி, நிறுவனம் உள்ளுக்குள் சோதனை நடத்தி வேண்டுமென்றே மறைத்தது என்றது ஆணையம். சோதனை அதேதான். நோக்கம் தலைகீழ்.

இத்தகைய தந்திரங்களுக்கு 2010-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஹாரி பிரிக்னல் ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ என்று பெயர் சூட்டினார். ‘கண்கட்டு வடிவமைப்பு’ என்று தமிழில் சொல்லலாம். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. இன்னும் இரண்டுதான் பாக்கி என்று பொய் அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்று சொல்பவரைக் கூச வைப்பது, சந்தா சேர்வதை ஒரே தட்டலிலும் விலகுவதை ஒன்பது தட்டலிலும் வைப்பது என்று நீள்கிறது பட்டியல். படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்த அனுபவம் நினைவுக்கு வருவது தற்செயல் அல்ல.

காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களில் இந்தக் கண்கட்டு குடும்பங்களையே விழுங்கியது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் வெளியிட்ட விதிகள் ஒருவகையில் வடிவமைப்பு விதிகளே. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழைய முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடுபவரின் திரையில் அரை மணிக்கொரு தரம் எச்சரிக்கை தோன்ற வேண்டும். ஆட்டக்காரரை எழுந்திருக்க விடாமல் செய்வதற்கென்று திரைகள் தீட்டப்பட்ட காலத்தில், எழுந்திருக்கச் சொல்லும் திரையை ஒரு அரசு கேட்டது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகளை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கே தடை விதித்தது.

கடைவீதியில் இந்தச் சிக்கலுக்குப் பழைய தீர்வு ஒன்று உண்டு. கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்க்கலாம். வாடிக்கையாளரும் கடைக்காரரைப் பார்க்கலாம். தராசு இருவருக்கும் நடுவில் இருக்கிறது. எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். செல்போன் திரையில் பார்வை ஒருவழிப் பாதை. எவ்வளவு நேரம் தயங்கினோம், எதைத் தொடப்போய் விட்டுவிட்டோம் என்பதெல்லாம் அந்தப் பக்கம் தெரிகிறது. அந்தப் பக்கம் இருப்பவர் யார், கையில் என்ன கல் வைத்திருக்கிறார் என்பது இந்தப் பக்கம் தெரிவதில்லை. பட்டியலிட்டுத் தடை செய்வது நல்ல தொடக்கம். எடைக்கல்லைச் சோதிக்க அதிகாரி வருவதுபோல் திரையைச் சோதிக்கவும் ஆள் வந்தால்தான் பட்டியலுக்குப் பல் முளைக்கும்.

அரசுத் தளங்களுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். அடுத்த முறை ஒரு புதிய தளத்தை மந்திரி பட்டனை அழுத்தித் தொடங்கி வைப்பதற்கு முன்னால், ஐந்து பேரை அழைத்து அதே பட்டனை அழுத்தச் சொல்லலாம். ஒரு மூட்டை தூக்குபவர், பென்ஷன் வாங்கும் ஒரு பாட்டி, மலையாளம் பேசவும் தமிழ் மட்டும் படிக்கவும் தெரிந்த ஒரு கடைக்காரர், கண் தெரியாத ஒருவர், செல்போனைப் பிள்ளையிடம் இரவல் வாங்கும் ஒரு தாய். ஐந்து பேரையும் ஆரியசாலையில் அரை மணி நேரத்தில் திரட்டிவிடலாம். செலவு ஐந்து சாயா. தளத்தை உருவாக்கிய அதிகாரியும் நிறுவனத்தின் என்ஜினீயரும் அவர்களுக்குப் பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

பாட்டி ஒரு இடத்தில் நிற்பார். ‘எனக்குத்தான் தெரியலை’ என்பார். அப்போது அவருக்குச் சொல்லிக் கொடுக்காமல் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை மல்லி மூட்டை வாசல் பக்கம் வந்திருக்க வேண்டும்.